கோணிப்படியில் வந்த போஸ்ட்மேன்

பொன்னையன் ஒருநாளும் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர் அல்ல. ஆனாலும் கேரள எல்லையில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊருக்கு வந்து "பொன்னையன் வீடு எங்கே?" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். "போஸ்ட்மேன் வீடு" என்று கேட்டால் மூக்கொழுகும் பிள்ளைகூடக் கை காட்டிவிடும்.

அவருடைய தொழில் வாடகைச் சாமான். கல்யாணம், வீடு பால்காய்ப்பு, சபைக் கன்வென்ஷன், கோயில் கொடை, எதுவானாலும் நாற்காலியும் மேசையும் சமையல் உருளியும் அவர் கடையிலிருந்துதான் போகும். சாவு வீட்டுக்கு மட்டும் யாரும் கேட்பதற்கு முன்பே வண்டியைக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அழுதுகொண்டிருக்கிறவர்கள் நாற்காலிக்கு ஆள் அனுப்பக் கூடாது என்பது அவர் எண்ணம். இப்படி ஊருக்கு வேண்டியவராக இருந்தும், அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் நாற்காலி பின்னால் போய்விடும், போஸ்ட்மேன்தான் முன்னால் வந்து நிற்பார்.

அந்தப் பெயர் வந்தது ஒரு டிவி தொடரால். ஊரில் நாலைந்து வீடுகளில் மட்டும் டிவி இருந்த காலத்தில் மலையாளத்தில் 'கோணிப்படி' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் வாரம் ஒருமுறை வந்தது. கோணிப்படி என்றால் மாடிப்படி. மாடியில் கஞ்சத்தனமான வீட்டுக்காரர், கீழே வாடகைக்கு இருக்கும் குடும்பம், நடுவில் ஒரு மரப்படி. அந்தப் படியில் நடக்கிற சண்டைதான் கதை முழுக்க. அதைப் பார்த்துச் சிரிக்காதவர் அன்றைக்குக் கிடையாது. இன்றைக்கும் யாராவது காசை இறுக்கிப் பிடித்தால் அந்த வீட்டுக்காரரின் பேரைச் சொல்லித்தான் கிண்டல் செய்வார்கள்.

பொன்னையன் அப்போது நெய்யாற்றின்கரையில் கிருஷ்ணன்குட்டி என்பவரின் வாடகைக் கடையில் சுமை ஏற்றி இறக்குகிற இளைஞன். தொடருக்கு வேண்டிய கட்டிலும் அலமாரியும் அந்தக் கடையிலிருந்துதான் திருவனந்தபுரத்துக்குப் போயின. ஒருநாள் அலமாரியை இறக்கி வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றவனை டைரக்டர் பார்த்தார். போஸ்ட்மேன் வேஷம் போட வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல், வரவில்லை. பொன்னையனுக்குக் காக்கிச் சட்டையை மாட்டினார்கள். சட்டை சின்னது. முதுகுப் பக்கம் கிழித்துவிட்டு ஊக்கு குத்தினார்கள்.

காட்சி இதுதான். வீட்டுக்காரருக்கு ரிஜிஸ்டர் தபால் வருகிறது. வாங்கினால் வம்பு என்று அவர் உள்ளே ஒளிந்துகொள்கிறார். போஸ்ட்மேன் கூப்பிட்டதும், அவரே உள்ளேயிருந்து "அவர் இங்கே இல்லை!" என்று கத்துகிறார். அதற்குப் போஸ்ட்மேன் ஒரு பதில் சொல்ல வேண்டும். டைரக்டர் தாளைக் காட்டவில்லை. விஷயத்தைச் சொல்லி, "உன் வாயில் வருகிற மாதிரி சொல்லு" என்றார். பொன்னையன் படியேறிப் போய், கதவைத் திறந்த வீட்டுக்காரரின் மனைவியிடம் சொன்னான்:

"அப்பம் அந்த இல்லாத ஆளை வந்து ஒரு ஒப்பு போடச் செல்லணும் அம்மா. ரிஜிஸ்டர் ஆக்கும்."

ஒப்பு என்றால் கையெழுத்து. மனைவியாக நடித்த நடிகைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்று சிரித்தார். டைரக்டர், "கொள்ளாம்" என்று பொன்னையனின் தோளில் தட்டினார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் அவருடைய கலை வாழ்க்கை. அலமாரி வந்த வண்டியிலேயே திரும்பி வந்துவிட்டார்.

அந்தப் பகுதி ஒளிபரப்பான மாலையில் ஊரே ஞானையன் வீட்டில் கூடியது. சர்ச்சுக்குப் பக்கத்து வீடு அவருடையது. ஊரின் முதல் டிவிகளில் ஒன்று அவர் வீட்டில்தான் இருந்தது. பொன்னையனை முன்வரிசையில் பாயில் உட்கார வைத்தார்கள். தொடர் ஆரம்பித்தது. வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். வெளியே மழை. எங்கேயோ ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தது. கரண்ட் போய்விட்டது. இருட்டில் எல்லாரும் அசையாமல் காத்திருந்தார்கள். கரண்ட் திரும்பி வந்தபோது டிவியில் பெயர்ப் பட்டியல் மேலே ஓடிக்கொண்டிருந்தது. அதில் போஸ்ட்மேனின் பெயர் இல்லை.

"எலே போஸ்ட்மேனே, நீ வந்தியா, வரல்லியாடே?" என்று ஞானையன் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

அதற்குப் பிறகு அந்தப் பகுதி மறுபடி வரவே இல்லை. பின்னாளில் போனில் பழைய தொடர்களெல்லாம் கிடைக்கத் தொடங்கியபோதும், 'கோணிப்படி'யில் பாதி இருந்தது, அது மட்டும் இல்லை. அதனால் பொன்னையன் சொல்வதற்குப் பொன்னையன்தான் சாட்சி. விருந்தாளி யார் வந்தாலும் ஊக்கு குத்திய சட்டையிலிருந்து தொடங்கி நடிகையின் சிரிப்பில் கொண்டுவந்து முடிப்பார். கல்யாணமான புதிதில் மனைவி கிருஷ்ணம்மா வாய் பிளந்து கேட்டாள். மகன் அனூஜ் பிறந்தபோது புன்னகையோடு கேட்டாள். பிறகு, அவர் "அப்போ காக்கிச் சட்டை சின்னதாப் போச்சு" என்று தொடங்கியதுமே அடுக்களைக்குப் போய்விடுவாள்.

ஞானையனோ, எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். "போஸ்ட்மேனே, எனக்கு வல்ல கடுதாசியும் உண்டாடே?" ஏதாவது கடிதம் வந்திருக்கிறதா என்று கேலி. பொன்னையன் பதில் சொல்ல மாட்டார். சிரித்துவிட்டுப் போவார். இரண்டு பேரும் நல்ல கூட்டாளிகள்தான். ஆனால் கூட்டாளியும் நம்பவில்லை என்பது அந்தச் சிரிப்புக்குள் ஒரு கல்லாகக் கிடந்தது.

போன மாதம் அனூஜ் ஒரு பொதியோடு வந்தான். அவன் திருவனந்தபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். புத்தகக் கண்காட்சியில் பார்த்தானாம். தொடரை எடுத்தவரின் மகள், பெட்டியில் கிடந்த பழைய நாடாக்களையெல்லாம் சுத்தம் பண்ணி 'கோணிப்படி' முழுவதையும் டிவிடியாக வெளியிட்டிருக்கிறார்.

"அப்பா, எல்லா பாகமும் உண்டு. போஸ்ட்மேன் வாறதும் உண்டு. பின்னால எழுதியிருக்கு."

பொன்னையன் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அட்டையில் அந்த மரப்படி. மூடியைத் திறக்காமல் மறுபடி மறுபடி திருப்பினார். மகன் அதைச் சந்தோஷம் என்று நினைத்தான்.

அது சந்தோஷம் இல்லை. இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி அந்தக் கதை கையில் தேய்ந்த சில்லறை மாதிரி வழவழப்பாகிவிட்டிருந்தது. தான் சொன்னது அந்த வார்த்தைகள்தானா? நடிகை சிரித்தது நடந்ததா, இல்லை, கதை நன்றாக முடியட்டும் என்று எப்போதோ தானே சேர்த்துக்கொண்டதா? அவருக்கே இப்போது நிச்சயமில்லை. தனியாக ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். சிரிப்பு அதில் இல்லையென்றால் பெட்டியை அலமாரியில் போட்டுப் பூட்டிவிடலாம்.

ஆனால் டிவிடி ஓட்டுகிற கருவி இப்போது யார் வீட்டில் இருக்கிறது? விசாரித்ததில் ஒரே வீட்டில்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் கீதங்களின் டிவிடியை வருடா வருடம் போட்டுக் கேட்கிற ஞானையன் வீட்டில்.

"தாறேன். தராம என்ன?" என்றார் ஞானையன். "ஆனா கருவி தனியா வராது, நானும் கூட வருவேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கழிஞ்சு வாறேன். வேற ஆளுவளையும் கூட்டியாறேன். அண்ணைக்கு இருட்டுல இருந்தவங்களுக்குக் காணண்டாமா?"

மறுக்க முடியுமா? மறுத்தால் அதுவே போதும், பொய் என்று ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பொன்னையன் தன் கடை நாற்காலிகளைத் தன் வீட்டு முன்னறையில் தானே போட்டார். எத்தனையோ வீடுகளில் போட்டிருக்கிறார். போட்டு முடித்ததும் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது இதுதான் முதல் தடவை. மருமகள் பிரசீதா பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மாமா, நீங்க இருங்க. விருந்துக்கு வந்த ஆளு மாதிரி நிக்கிறீங்க."

"எனக்கு என்னமோ இருக்கத் தோணல்ல பிள்ளே."

"பயப்படாதீங்க. அதுல இல்லெங்கிலும் நாங்க உண்டு எண்ணுதான் செல்லுவோம்" என்று அவள் சிரித்தாள். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

ஞானையன் கருவியைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கூடவே அவர் மனைவி ஜெயபாய். பின்னால் அக்கம்பக்கத்துக்காரர்கள். சர்ச் உடுப்பு மாற்றாமலே வந்திருந்தார்கள். அனூஜ் வயரை மாட்டினான். பிரசீதா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டாள். கிருஷ்ணம்மா எல்லாருக்கும் சாயா கொடுத்துவிட்டு, வழக்கம்போல அடுக்களை வாசலிலேயே நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

"கரண்டு போகாதுல்லா?" என்று ஞானையன் கேட்டார். ஒரு சிரிப்பலை எழுந்து அடங்கியது.

தொடர் ஆரம்பித்தது. பழைய பாட்டு கேட்டதுமே சிலர் தாளம் போட்டார்கள். படம் கொஞ்சம் மங்கல், ஓரத்தில் பச்சை படர்ந்திருந்தது. ஆனால் சிரிப்பு வருகிற இடத்தில் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் பழைய குடைக்கம்பியை வெயிலில் காயவைத்த இடத்தில் ஜெயபாய்க்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பொன்னையன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் படியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது படியில் கால் வைக்கிற சத்தம் கேட்டாலே நாற்காலியில் நிமிர்ந்தார்.

பிறகு காக்கி தெரிந்தது.

"அய்யோ, இது ஆரு!" என்று பிரசீதா கூவினாள். ஒல்லியாய், காது இரண்டும் விடைத்துக்கொண்டு, மீசை ஒழுங்காக அரும்பாத ஒரு பையன் படியேறி வந்தான். அறையே ஒரே கூச்சல். அனூஜ் அப்பாவின் முதுகில் அடித்தான். முதுகுப் பக்கம் ஊக்கு தெரிகிறதா என்று ஒருவர் எழுந்துபோய் டிவியின் அருகே குனிந்து பார்த்தார். "ஆளு இவருதான்! உள்ளதாக்கும்!" என்று யாரோ கத்தினார்கள்.

கதவு திறந்தது. நடிகை வந்து நின்றார். "பாலராமபுரம் சேலையாக்கும்" என்றாள் ஜெயபாய். "பேசாம இரி பிள்ளே" என்று ஞானையன் அவளை அடக்கினார். உள்ளேயிருந்து வீட்டுக்காரர், தான் இல்லை என்று கத்தினார். பையன் வாயைத் திறந்தான்.

கனத்த, திருத்தமான ஒரு குரல் வந்தது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தமான மலையாளத்தில் அதே பதில். "எங்கில் ஆ இல்லாத்த ஆளோடு ஒரு ஒப்பு இடான் பறயூ."

டிவியின் அருகே குனிந்து நின்றவர் நிமிர்ந்தார்.

பொன்னையனின் குரல் இல்லை அது. அவரை ஒருநாள் கேட்டவனுக்குக்கூடத் தெரியும்.

"டப்பிங்" என்றான் அனூஜ், மெதுவாக. "வேற ஆளை வச்சுப் பேசியிருக்காங்க அப்பா."

பிரசீதா படத்தை அப்படியே நிறுத்தினாள். யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் பொன்னையனுக்குத் தாங்க முடியவில்லை. கேலி செய்திருந்தால் சிரித்துச் சமாளித்திருப்பார். திரையில் உறைந்து நின்ற அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தார். உன் வாயில் வருகிற மாதிரி சொல்லு என்றார்கள். கொள்ளாம் என்றார்கள். தோளில் தட்டினார்கள். பிறகு வண்டி கிளம்பிய பின்னால், அந்த வாயில் வந்தது பிடிக்காமல் துடைத்துவிட்டு வேறொருவர் குரலைப் பூசியிருக்கிறார்கள். திருவனந்தபுரத்துக்குப் போனால் "தமிழனாணோ?" என்று கேட்பார்கள், நாகர்கோவிலுக்குப் போனால் "மலையாளத்துக்காரரா?" என்று கேட்பார்கள். அதெல்லாம் அவருக்குப் பழகியதுதான். ஆனால் இது அப்படியல்ல. இத்தனை வருடமும், தன் குரல் எங்கெங்கோ வீடுகளுக்குள் போய் ஆட்களைச் சிரிக்கவைத்தது என்று அவர் நம்பியிருந்தார். போனது முகம் மட்டும்தான்.

"அணைச்சிரு மக்கா" என்றார் பிரசீதாவிடம். "நான் சொன்னதும் அரைப் பொய்தான் போல. போகட்டு."

"நில்லு" என்றார் ஞானையன்.

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "அதைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் போடு மக்களே. ஒண்ணு காணணும்."

பிரசீதா பின்னால் தள்ளிப் போட்டாள். பையன் வாயைத் திறந்தான். கனத்த குரல் பேசி முடித்தது.

"பாத்தியா! சத்தம் நிண்ணு போச்சு. இவனுக்க வாய் நிக்கல்லியே!"

உண்மைதான். குரல் முடிந்த பிறகும் பையனின் உதடு இன்னும் கொஞ்சம் அசைந்தது. சத்தமில்லாமல் அவன் ஏதோ சேர்த்துச் சொன்னான். அதற்குப் பிறகுதான், அந்தச் சத்தமில்லாத இடத்துக்குப் பிறகுதான், நடிகை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பினார். தோள் குலுங்கியது.

"சிரிக்கிறா!" என்றாள் ஜெயபாய். "இஞ்ச பாருங்க, சிரிக்கிறா!"

"டப்பிங்காரன் சொன்னதுக்கு இல்ல" என்று ஞானையன் எழுந்தே நின்றுவிட்டார். "இவன் அங்க நிண்ணு சொன்னதுக்காக்கும் சிரிக்கிறா. குரலைத்தான் மாத்தினான், சிரிப்பை மாத்த ஒக்குமா? பிள்ளே, சத்தத்தைக் கட் பண்ணு. போஸ்ட்மேனே, நீ செல்லுடே. உனக்க வாயில எப்படி வந்ததோ அப்படி."

பிரசீதா சத்தத்தை அணைத்தாள். பையன் படியேறி வந்தான். எல்லாரும் பொன்னையனைப் பார்த்தார்கள். ஆயிரம் பேருக்குச் சொன்ன வரி. அதற்குள் கதவு திறந்துவிட்டது, பையன் பேசி முடித்துவிட்டான், பொன்னையனின் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"இன்னும் ஒருக்கா" என்றார் ஞானையன்.

மறுபடியும் போட்டாள். இந்த முறை அவர் முந்திக்கொண்டார். "அப்பம் அந்த" என்று அவர் தொடங்கியபோது பையன் இன்னும் பாதிப் படியில்தான் இருந்தான். எங்கோ ஒருவர் அடக்க முடியாமல் களுக்கென்றார். பொன்னையனுக்குக் கண் கலங்கிவிட்டது. திரையில் இருந்த பையன் பயமில்லாமல் படியேறினான். பார்த்துக்கொண்டிருந்த கிழவனுக்குத்தான் வாய் எழவில்லை.

மூன்றாம் முறை அவர் முயலவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். பையன் வந்தான். நடிகை வந்தார். பையனின் வாய் திறந்தது.

"அப்பம் அந்த இல்லாத ஆளை வந்து ஒரு ஒப்பு போடச் செல்லணும் அம்மா."

பேசியது கிருஷ்ணம்மா. அடுக்களை நிலைப்படியில் சாய்ந்தபடி, கையில் காலி சாயா டம்ளர்களோடு. அந்தப் பையனின் உதடு எங்கே குவிந்ததோ அங்கே அவள் குரலும் குவிந்தது. எங்கே ஒரு மூச்சு விட்டானோ அங்கே விட்டாள். பிறகு, குரல் இல்லாமல் கிடந்த அந்தக் கடைசி இடத்தில்:

"ரிஜிஸ்டர் ஆக்கும்."

திரையில் நடிகை சிரித்தார். கிருஷ்ணம்மா சொன்னதைக் கேட்டுச் சிரித்த மாதிரியே இருந்தது.

அறை வெடித்தது. ஜெயபாய் கை தட்டினாள். ஞானையன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பொன்னையன் மட்டும் திரும்பி மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதை தொடங்கியதும் எழுந்துபோகிறவள். அவள் கேட்பதில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"நீ இதை எப்பம் படிச்ச?"

"படிக்கவா? அடுக்களைக்குச் சுவர்தானே உண்டு, காதுக்குக் கதவா போட்டிருக்கு?" என்றாள் கிருஷ்ணம்மா. "வாற ஆளுக்கெல்லாம் நீங்க செல்லுவீங்க. நான் தேங்காய் திருவிக்கிட்டே கேப்பேன். ஒருநாளும் ஒரு வார்த்தை மாறினது கிடையாது. பொய் எண்ணா மாறுமே. அது எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

பொன்னையன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இருந்தார். யாருக்கும் சத்தத்தைத் திரும்பப் போடத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் வாயசைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக ஓடினார், ஆட்கள் தாங்களாகவே ஆளுக்கொரு வசனம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அனூஜ் வீட்டுக்காரருக்குப் பேசினான். ஜெயபாய் கீழ்வீட்டுக்காரிக்குப் பேசினாள். எல்லாம் ஊர்ப் பேச்சில்.

வெயில் தாழ்ந்தபோது ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பொன்னையன் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார். அனூஜ் கருவியின் வயரைக் கழற்றப் போனான்.

"அது இஞ்சயே இருக்கட்டு" என்றார் ஞானையன். "கிறிஸ்துமஸ் வரும்போ எடுத்தா போரும்."

முற்றத்தில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டவர் நின்றார். பழக்க தோஷம். திரும்பிக் கேட்டார்:

"போஸ்ட்மேனே, எனக்கு வல்ல கடுதாசியும் உண்டாடே?"

பொன்னையன் கையில் இருந்த நாற்காலியைச் சுவரில் சாத்தினார்.

"உண்டு" என்றார். "ரிஜிஸ்டர் ஆக்கும். நாளைக்குக் கொண்டு வருவேன். வீட்டில் இல்லை எண்ணு மட்டும் உள்ள இருந்து செல்லப்பிடாது."